ஜவ்வாது மலையில் ஒரு ஜப்பானியப் பிறந்தநாள்

ஜமுனாமரத்தூரிலிருந்து ஒரு தாய் நமக்கு நீண்டதொரு மடல் வரைந்திருக்கிறார். அவரும் அவருடைய கணவரும் ஜவ்வாது மலையில் பள்ளி ஆசிரியர்களாகப் பணிபுரிகிறார்கள். அவர்களுடைய ஒரே மகனுக்கு வருகிற பிப்ரவரி 6ஆம் நாள் ஐந்து வயது நிறைகிறது. அந்நாள், ஜப்பான் நாட்டு மறைசாட்சிகளான புனித பவுல் மீக்கியையும் அவருடைய தோழர்களையும் திருச்சபை நினைவுகூரும் நாளாகும். பிள்ளை பிறந்தபோது பங்குத்தந்தை இதனை எடுத்துக்கூற, பெற்றோரும் மகிழ்ந்து அப்புனிதரின் பெயரையே திருமுழுக்கில் சூட்டிவிட்டனர்.

இப்போது சிறுவனுக்குக் கேள்வி கேட்கும் பருவம். "அம்மா, என் பேருச் சாமி எந்த ஊரு?" என்று ஒருநாள் கேட்டிருக்கிறான். "ஜப்பான்" என்று விடை கிடைத்ததுதான் தாமதம், அன்றிலிருந்து அவனுக்கு எல்லாமே ஜப்பான்தான். படுக்கும் பாய் ஜப்பான் பாய், வீட்டுப் பூனை ஜப்பான் பூனை. பிறந்தநாளையும் ஜப்பான்காரர்போல் கொண்டாடவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறானாம்.

தாய் சமவெளிக்கு இறங்கி, விழாக்களுக்கு அலங்காரம் செய்து கொடுக்கும் ஒருவரிடம் விசாரித்திருக்கிறார். காகித விளக்குகள், பறவைநாகப் படங்கள், விசிறிகள், பையனுக்குப் பட்டு அங்கி, விருந்தினர் முகத்துக்கு வெள்ளைப் பூச்சு என அவர் ஒரு பட்டியல் கொடுத்தார். மொத்தச் செலவு தம் மாத ஊதியத்தில் பாதியை விழுங்கிவிடும் என்கிறார் தாய். "இது தகுமா? கிறிஸ்தவக் குடும்பத்தார் அந்நாட்டு வழக்கங்களைக் கையாளலாமா?" என்பவை அவருடைய இரு கேள்விகள்.

இவ்விரண்டுக்கும் நான்கு வரிகளில் விடை எழுதி முடித்திருக்கலாம். அவ்வாறு எழுதத் தொடங்கியும் விட்டோம். ஆனால் மடலின் இறுதியில், கேள்வியாக அல்லாமல், தம் மனத்துக்குத் தாமே சொல்லிக்கொள்வதுபோல் அவர் எழுதியிருந்த சில வரிகள் நம் எழுதுகோலை நிறுத்திவிட்டன.

சென்ற ஆண்டு மகன் பிறந்தநாளன்று அவர் தம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இனிப்பு வழங்கினார். பக்கத்துச் சிற்றூரிலிருந்து நடந்துவரும் ஒரு சிறுமி இனிப்பைக் கையில் வைத்துக்கொண்டே, "டீச்சர், எனக்குப் பொறந்த நாள் எப்போ?" என்று கேட்டாளாம். ஆசிரியை பதிவேட்டைப் புரட்டி, ஜூன் மாதத்துத் தேதி ஒன்றைச் சொன்னார். சிறுமியும் மகிழ்ந்து போய்விட்டாள். "அந்தத் தேதியை எழுதியவள் நான்தான். அவளைப் பள்ளியில் சேர்க்க வந்த பாட்டி, சாமை அறுப்புக்குக் கொஞ்சம் முந்திப் பிறந்தவள் என்று மட்டுமே சொன்னாள். சேர்க்கை வயதுக்குப் பொருந்தவேண்டுமே என்று நான் ஒரு தேதியைப் போட்டேன். சாமையை இங்கே ஜூனிலா அறுக்கிறார்கள்? என் வகுப்பில் பாதிப் பேருக்கு இப்படித்தான். அவர்கள் நடுவே என் மகனுக்கு மட்டும் விளக்குத் தோரணமும் பட்டு அங்கியும் கட்டி விழா எடுக்க எனக்குக் கை வரவில்லை. எடுக்காவிட்டால் பிள்ளை ஏங்குகிறான்."

செலவைப் பற்றிய கேள்வியைவிட இதுவே பெரிது என நாம் கருதுகிறோம். இதற்கு விடை தேடியபோது, அச்சிறுவன் கேட்கும் ஜப்பானிலேயே அது இருக்கக் கண்டு வியந்தோம்.

ஜப்பானில் நெடுங்காலம் ஆண்டுதோறும் தனித்தனியே பிறந்தநாள் கொண்டாடும் வழக்கம் வேரூன்றியிருக்கவில்லை. குழந்தை பிறந்த அன்றே அதற்கு ஒரு வயது எனக் கொண்டனர். பின்னர்ப் புத்தாண்டு பிறக்கும்போது, நாட்டிலுள்ள சிறியோர் பெரியோர் அனைவரும் ஒருங்கே ஒரு வயது ஏறினர். ஆண்டின் கடைசி நாளில் பிறந்த பச்சிளங்குழந்தை மறுநாள் விடிந்ததும் இரண்டு வயதுக் குழந்தை! கேட்க வேடிக்கையாக இருந்தாலும், இந்தக் கணக்கில் பிறந்த தேதி தெரியாத குழந்தை என்று ஒன்று ஒதுங்கி நிற்க இடமில்லை. பிறந்த நாளிலிருந்தே வயதை எண்ணவேண்டும் என்று 1902ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. மக்கள் பழைய கணக்கை விடவில்லை. 1950ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த மற்றொரு சட்டம் இதையே மீண்டும் வலியுறுத்த வேண்டியிருந்தது. இன்றைய ஜப்பானியக் குழந்தைகள் நம் நகரத்துக் குழந்தைகளைப் போலவே மாவப்பமும் மெழுகுதிரியுமாகப் பிறந்தநாள் கொண்டாடுகின்றனர் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

ஒருவருடைய ஆயுளில் தனியே சிறப்பிக்கப்பட்ட வயதுகளுள் அறுபது ஒன்று. நமக்குப் பிரபவ முதல் அட்சய வரை அறுபது ஆண்டுகள் சுழல்வதுபோல் அங்கும் அறுபதாண்டுச் சுழற்சி உண்டு. அறுபதை எட்டிய முதியவருக்குச் சிவப்பு மேலாடை அணிவித்து மகிழ்வர். இத்தகைய ஒற்றுமைகளைக் கண்டுதான் போலும், ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ, யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோரோடு சேர்ந்து, தமிழும் ஜப்பானிய மொழியும் உறவு மொழிகள் என நிறுவப் பல்லாண்டு உழைத்தார். மொழி வல்லுநருள் பெரும்பாலோர் அம்முடிவை ஏற்கவில்லை. அது நிற்க.

நம் சிறுவனுக்கு நேராகப் பொருந்தும் விழா ஒன்று அங்கே இன்றும் உண்டு. 'ஷிச்சி-கோ-சான்' என்பது அதன் பெயர். ஏழு, ஐந்து, மூன்று என்பதே அதன் பொருள். நவம்பர் 15ஆம் நாளையொட்டி, மூன்று வயதினரையும், ஐந்து வயதுச் சிறுவரையும், ஏழு வயதுச் சிறுமியரையும் நல்லாடை உடுத்தி வழிபாட்டிடத்துக்கு அழைத்துச் சென்று, இதுவரை நலமாக வளர்ந்தமைக்கு நன்றி கூறுவர். குழந்தைச் சாவு மலிந்திருந்த காலத்தில் மூன்றையும் ஐந்தையும் ஏழையும் கடந்து வருவது எளிதன்று. ஏழு வயது முடிந்தால்தான் பிள்ளை நமது என்று பெற்றோர் மூச்சு விட்ட காலம் அது. நம் மலையூர்ப் பாட்டிகளைக் கேட்டாலும் இதே கதையைச் சொல்வார்கள். இங்கே கருதத்தக்கது யாதெனில், இது ஒரு குழந்தையின் விழாவன்று. அவ்வயதுக் குழந்தைகள் எல்லாருடைய விழா. யார் எந்தத் தேதியில் பிறந்தார் என்று அங்கே எவரும் கேட்பதில்லை.

கிறிஸ்தவர் இதைக் கையாளலாமா என்ற ஐயத்துக்கும் இங்கேயே விடை இருக்கிறது. இவ்விழா ஷிந்தோ ஆலயங்களைச் சார்ந்து வளர்ந்தது. ஆயினும் ஜப்பானியக் கத்தோலிக்கப் பங்குகள் பலவற்றில், அந்த நவம்பர் நாட்களில் குழந்தைகளைக் கோவிலுக்கு வரவழைத்து, தலையில் கைவைத்து ஆசி வழங்குகிறார்கள். கத்தோலிக்கர் அந்நாட்டில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அப்படிப்பட்ட சிறுமந்தையே இதற்கு வழி கண்டிருக்கும்போது, தைப்பொங்கலைக் கோவில் முற்றத்தில் பொங்கி மகிழும் நாம் தயங்க வேண்டியதில்லை.

ஆகவே நம் கருத்து இதுதான். பிப்ரவரி 6 அன்று தம் மகனுக்கு மட்டும் விழா எடுக்கவேண்டாம். வகுப்பிலும் அண்டை வீடுகளிலும் உள்ள மூன்று, ஐந்து, ஏழு வயதுப் பிள்ளைகள் அனைவருக்கும், தேதி தெரிந்தோர் தெரியாதோர் என்ற வேறுபாடின்றி, ஒரே பிறந்தநாள் விழா எடுக்கட்டும். பெரியோர் கணக்கில் ஒன்றிரண்டு கூடக்குறைய இருந்தால் யாரும் வழக்குத் தொடுக்கப் போவதில்லை. மகனிடம், "ஜப்பானில் முன்பெல்லாம் எல்லாருக்கும் ஒரே நாளில்தான் வயது ஏறியது, நீ கேட்டது அந்த விழாதான்" என்று உண்மையைச் சொல்லிவிடலாம். மாலையில் பங்குத்தந்தையை வேண்டி, வந்திருக்கும் குழந்தைகள் எல்லாருக்கும் ஆசி பெறலாம். பிற சமயத்துக் குழந்தைகளின் பெற்றோரிடம் முன்னதாகவே கூறி இசைவு பெறுவது மரியாதை.

பட்டியலிலுள்ள அலங்காரங்களை நாம் பொருட்படுத்தவில்லை. அவற்றுள் பாதி ஜப்பானைச் சேர்ந்தவையே அல்ல; பறவைநாகமும் சிவப்பு விளக்கும் பெரும்பாலும் சீனப் புத்தாண்டுச் சரக்கு. முகத்துக்கு வெள்ளைப் பூச்சு அறவே வேண்டாம். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். ஜப்பானியர் என்றதும் கண்ணோரத்தை விரலால் இழுத்துக்காட்டிச் சிரிப்பதும், மூக்கைப் பழிப்பதும் நம்மவரிடம் உண்டு. பெரியவர்களே இதைச் செய்யும்போது பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். மலையில் வாழும் மக்களின் பேச்சையும் உடையையும் சமவெளிக்காரர் இதே தோரணையில் நையாண்டி செய்வதை அந்தத் தாய் நன்கு அறிந்திருப்பார். விழாவில் எவரேனும் கண்ணை இழுத்தால், அன்போடு ஆனால் உடனே தடுத்துவிடவேண்டும்.

அங்கி வேண்டுமென்று மகன் அடம்பிடித்தால், பழைய பருத்திப் புடவையில் முழங்கால் வரை தொங்கும் முன்திறப்புச் சட்டை ஒன்றைத் தைத்து, இடுப்பில் துண்டால் கட்டிவிட்டால் போதும். ஆனால் அணிபவரின் இடப்பக்கத் துணி மேலும், வலப்பக்கத் துணி கீழுமாக வரவேண்டும். மாற்றிக் கட்டுவது ஜப்பானில் இறந்தோர்க்கு உடுத்தும் முறை. கடையில் வாங்கும் அங்கிப் படங்களில்கூட இத்தவறு காணப்படுகிறது.

பிள்ளைகள் எல்லாருக்கும் செய்தித்தாளில் 'கபுத்தோ' எனும் தலைக்கவசம் மடித்துக் கொடுக்கலாம். பெரிய தாளைச் சதுரமாக வெட்டி, முக்கோணமாக மடித்து, இரு முனைகளை மேலே கொணர்ந்து கொம்புபோல் வெளியே திருப்பினால் தலைக்கவசம் ஆயிற்று. காகிதக் கொக்கு புகழ்பெற்றதுதான். ஐந்து வயது விரல்களுக்கு அது வசப்படாது. மடிக்க இயலாமல் அழுகைதான் மிஞ்சும். ஏழு வயதினருக்கு வேண்டுமானால் கற்றுக்கொடுக்கலாம். குருட்டாட்டத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். சுவரில் வெறும் முகவட்டம் ஒன்றை வரைந்து, கண்ணைக் கட்டிய பிள்ளை கண், மூக்கு, வாய் வடிவங்களை ஒட்டவேண்டும். நம் ஊரில் யானைக்கு வால் வைப்பதுபோல. ஜப்பானியர் இதனைப் புத்தாண்டில் ஆடி வயிறு குலுங்கச் சிரிப்பர்.

இனி விருந்து. இதில்தான் நமக்குப் பெருமகிழ்ச்சி. ஜப்பானிய மங்கல உணவுக்கு வேண்டியவை எல்லாம் ஜவ்வாது மலையிலும் அடிவாரச் சந்தையிலும் கிடைக்கின்றன.

அந்நாட்டில் பிறப்பு, தேர்ச்சி, திருமணம் என எந்த நன்னாளுக்கும் 'செகிஹான்' எனும் சிவந்த சோறு ஆக்குவர். 'அசுகி' என்னும் சிறு சிவப்புப் பயறு அரிசிக்கு நிறம் கொடுக்கும். ஆனால் தோக்கியோ வட்டாரத்தில் அசுகிக்கு மாற்றாக வேறொரு பயற்றை இடுவது மரபு. அசுகி வேகும்போது வயிறு வெடிக்கும். வாளால் வயிற்றைக் கிழித்து மாளும் வழக்கம் கொண்டிருந்த போர்வீரர் குடியினர்க்கு அது தீய குறியாகத் தோன்றிற்று. அவர்கள் தேர்ந்த, தோல் வெடிக்காத பயறு எது தெரியுமா? நம் காராமணியேதான்! ஆகவே சிவப்புக் காராமணிச் சோறு போலிச் சோறன்று. தலைநகர் மரபுப்படி அமைந்த சோறு.

ஒரு கிலோ பச்சரிசிக்குக் காராமணி 150 கிராம் போதும். முந்திய இரவே ஊறவைத்து, மறுநாள் குழையாமல் வேகவைத்து, அந்தச் சிவந்த நீரை எறிந்துவிடாமல் எடுத்துவைத்து, அதிலேயே அரிசியை வேகவைக்கவேண்டும். ஜப்பானியர் பசையரிசியை ஆவியில் வேகவைப்பர். நமக்குப் பச்சரிசியே போதும். வறுத்த கறுப்பு எள்ளையும் உப்பையும் ஒன்றிரண்டாகப் பொடித்து மேலே தூவவேண்டும். வேறு தாளிப்பு எதுவும் இல்லை. காரமில்லாத சோற்றைக் கண்டு பிள்ளைகள் முகம் சுளித்தால், ஓரத்தில் துவையல் வைப்பதைக் குற்றமெனக் கொள்ளமாட்டோம்.

'ஒனிகிரி' எனும் சோற்றுருண்டையும் எளிது. கையை உப்புநீரில் நனைத்துக்கொண்டு, சூடு ஆறுமுன் முக்கோணமாகப் பிடிக்கவேண்டும். நடுவே அவர்கள் உப்பிலிட்ட புளிப்புக் கனி ஒன்றைப் புதைப்பர். நாம் நாரத்தங்காய் ஊறுகாய்த் துணுக்கு வைக்கலாம். மலையில் சாமை இருக்க அதை ஒதுக்குவானேன்? தனிச் சாமை உருண்டைக்கு ஒட்டாது. இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு சாமை சேர்த்துச் சற்றுக் குழைய வடித்தால் பிடிக்க வரும். ஜப்பானிய உழவர்களும் அரிசிக்குத் தட்டுப்பாடான காலங்களில் சிறுதானியம் கலந்தே உண்டனர்.

இனிப்புக்கு நாகசாகி நகரத்தின் 'கஸ்தெரா' இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கொண்டுவந்து, ஜப்பானியர் தமதாக்கிக்கொண்ட மாவப்பம் இது. ஐந்து முட்டையும் 150 கிராம் சர்க்கரையும் நன்றாக நுரைத்து எழும்வரை அடித்து, 150 கிராம் மைதாவைச் சலித்துச் சேர்த்து, மூன்று கரண்டி தேனைச் சிறிது வெந்நீரில் கரைத்து ஊற்றிக் கலக்கவேண்டும். வெண்ணெய் வேண்டியதில்லை. அடுமனை அடுப்பு இல்லாதவர்கள் கனத்த பாத்திரத்தில் மணல் பரப்பிச் சூடேற்றி, அதன்மேல் தட்டை வைத்து மூடி, சிறுதீயில் வேகவைக்கலாம். முந்திய நாளே செய்து துணியில் பொதிந்து வைத்தால் மறுநாள்தான் சுவை கூடும். ஜவ்வாது மலைத்தேனில் செய்த கஸ்தெராவை நாகசாகிக்காரரும் குறைகூறமாட்டார்.

அப்போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற சொற்கள் இன்னும் அங்கே வழங்குகின்றன. ரொட்டிக்கு ஜப்பானில் 'பான்' என்பர்; இலங்கைத் தமிழர் 'பாண்' என்பர். இரண்டும் ஒரே போர்த்துக்கீசியச் சொல்லின் பிள்ளைகள். மாவில் தோய்த்துப் பொரிக்கும் 'தெம்புரா'வின் பெயர், திருச்சபை ஆண்டுக்கு நான்கு தடவை கடைப்பிடித்த 'தெம்போரா' எனும் நோன்பு நாட்களிலிருந்து வந்தது என்று பலர் கூறுவர். சுத்தபோசன நாளில் இறைச்சியை விலக்கி மீனும் காயும் பொரித்துண்ட குருமார்களைப் பார்த்து வந்த பெயராம். நம் பஜ்ஜிக்கு இத்தனை பக்திமிகு தாயாதி இருப்பது யாருக்குத் தெரியும்?

ஓர் எச்சரிக்கை. 'மோச்சி' எனும் பசையரிசி உருண்டையை மட்டும் செய்யவேண்டாம். அது தொண்டையில் ஒட்டி மூச்சடைத்து ஒவ்வொரு புத்தாண்டிலும் ஜப்பானில் முதியோர் இறக்கின்றனர். வறுகடலை போன்ற கெட்டிப் பருப்புகளையும் மூன்று வயதுப் பிள்ளைகளின் கையில் கொடுக்கவேண்டாம்.

உணவு முடிந்தால் கதை. ஜப்பானியக் குழந்தை ஒவ்வொன்றும் அறிந்த கதை மொமொதாரோ. ஆற்றில் மிதந்துவந்த பெரிய பீச் பழத்துக்குள்ளிருந்து பிறந்த சிறுவன் அவன். அரக்கர் தீவுக்குப் புறப்பட்டபோது, வளர்த்த பாட்டி பனிவரகு உருண்டைகளைக் கட்டிக்கொடுக்கிறாள். வழியில் எதிர்ப்பட்ட நாய்க்கும் குரங்குக்கும் காட்டுக்கோழி இனத்துப் பறவைக்கும் அவற்றைப் பகிர்ந்தளிக்கிறான், அவை தோழர்களாகின்றன. சிறுதானிய உருண்டையைக் கட்டிக்கொண்டு காட்டு வழியே நடப்பது மலைப் பிள்ளைகளுக்குக் கதையன்று, வாழ்க்கை. பீச் பழத்தை அறியாதவர்களுக்குப் பலாப்பழம் என்று மாற்றிச் சொல்லிக்கொள்ளலாம். உள்ளே ஒரு குழந்தை இருக்கக்கூடிய பழம் அதுவே. போர்க்காலத்தில் ஜப்பானிய அரசு இக்கதையைப் படையெடுப்புக்கு முரசாக்கியது. நாம் அரக்கரைக் கொல்வதைச் சுருக்கி, உருண்டையைப் பகிர்ந்ததை நீட்டுவோம்.

மற்றொரு கதை உண்மையில் நடந்தது. இரண்டாம் உலகப்போரின்போது, குண்டுவீச்சில் கூண்டுகள் உடைந்தால் விலங்குகள் வெளியேறிவிடும் என அஞ்சி, தோக்கியோவின் உவேனோ விலங்குக் காட்சிச் சாலையில் 1943ஆம் ஆண்டு அவற்றைக் கொல்ல ஆணையிட்டனர். யானைகள் பட்டினியால் மடிந்தன. போர் முடிந்தபின், யானையைக் கண்டிராத ஒரு தலைமுறைக் குழந்தைகள் வளர்ந்தனர். அவர்கள் நம் பிரதமர் நேருவுக்குக் கடிதங்களும் ஓவியங்களும் அனுப்பி, எங்களுக்கு ஒரு யானை வேண்டும் என்று கேட்டனர். நேரு மைசூரிலிருந்து ஒரு யானையைத் தேர்ந்து, அதற்குத் தம் மகளின் பெயராகிய இந்திரா என்பதையே இட்டு, 1949ஆம் ஆண்டு செப்டம்பரில் அங்கே சேர்ப்பித்தார். இந்தியக் குழந்தைகள் ஜப்பானியக் குழந்தைகளுக்கு அளிக்கும் பரிசு என்று அவர் எழுதினார். இந்திரா 1983 வரை அங்கே வாழ்ந்தது. இதைக் கேட்டதும், இப்போது நாம் அவர்களுக்கு என்ன அனுப்பலாம் என்று ஏதேனும் ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். விடையை அந்தத் தாய் ஆயத்தமாக வைத்திருப்பாராக!

பெயர்ப் புனிதரின் வரலாற்றை ஐந்து வயதுக்குச் சொல்வது கடினம். 1597ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள், நாகசாகியின் நிஷிசகாக் குன்றில் 26 பேர் சிலுவையில் அறையப்பட்டனர். கடுங்குளிரில் ஏறக்குறைய ஒரு மாத காலம் கால்நடையாக அங்கே கொண்டுவரப்பட்டவர்கள் அவர்கள். இயேசு சபையைச் சேர்ந்த பவுல் மீக்கி சிலுவையிலிருந்தவாறே மறையுரை ஆற்றித் தம்மைக் கொல்வோரை மன்னித்தார். அவர்களுள் ஒருவர் நம் நாட்டு வசையில் பிறந்த புனித கொன்சாலோ கார்சியா. இளையவனாகிய லூயிஸ் இபராக்கிக்கு வயது 12. சிலுவையையும் ஈட்டியையும் சிறுவனுக்குச் சொல்லவேண்டாம் என்பது நம் துணிபு. "உன் பெயர்ப் புனிதர் ஒரு குன்றின்மேல் நின்று எல்லாரையும் மன்னித்தார், அவரோடு நம் நாட்டவர் ஒருவரும் இருந்தார்" என்பது இவ்வாண்டுக்குப் போதும். மீதியை அவன் வளர வளரக் கேட்டுக்கொள்வான்.

பெரியவர்கள் தமக்குள் நினைத்துப் பார்க்க ஒன்று உண்டு. அந்தக் கொலைகளைத் தொடர்ந்து வந்த தடைக்காலத்தில் குருமார் இன்றியே மறைந்து வாழ்ந்த நாகசாகிக் கிறிஸ்தவர்கள், சிற்றூர்தோறும் பொறுப்பாளர்களை வைத்திருந்தனர். ஒருவர் பிறக்கும் குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுப்பவர். ஒருவர் திருநாட்களின் நாட்காட்டியைக் காப்பவர். கிறிஸ்துமசும் உயிர்ப்பு விழாவும் எந்நாளில் வருகின்றன என்பதை அவர் கணக்கிட்டுச் சொல்வார். ஏறத்தாழ 250 ஆண்டுகள் இப்படியே கழிந்தன. 1865ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் அவர்களுள் சிலர் நாகசாகியின் ஔராக் கோவிலுக்கு வந்து அருட்தந்தை பெத்தித்ஜானிடம் தங்களை வெளிப்படுத்தினர். அவர் பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையினர். 1776 முதல் புதுச்சேரி மறைபரப்புத் தளத்தை ஏற்று நம் பகுதிகளில் உழைத்ததும் அதே சபைதான். நாள் தவறினால் நம்பிக்கையே நழுவிவிடும் என்பதுபோல் தேதிகளைக் காத்த அம்மக்களை எண்ணும்போது, பாட்டியின் 'சாமை அறுப்புக்கு முந்தி' என்ற சொல் நமக்கு எளிதாகத் தோன்றவில்லை. அதுவும் ஒரு நாட்காட்டிதான். பதிவேட்டின் ஜூன் மாதத்தைவிட உண்மையான நாட்காட்டி.

ஆகவே அத்தாய்க்கு ஒரு வேண்டுகோள். விழாவுக்கு வரும் ஒவ்வொரு குழந்தையின் பாட்டியிடமோ தாயிடமோ பிறந்த பருவத்தைக் கேட்டு, அழகிய அட்டையில் எழுதிப் பரிசாகக் கொடுக்கட்டும். 'பலாப் பழுத்த காலத்தில்', 'புளி உலுக்கும்போது', 'சாமை அறுப்புக்கு முந்தி' என்று. அச்சிறுமிக்கு முதல் அட்டை. அரசுப் பதிவுக்கும் இதே சமயத்தில் வழிகாட்டலாம். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 நாட்களுக்குள் பிறப்பைக் கட்டணமின்றிப் பதியலாம். ஓராண்டு கடந்தவற்றுக்கும் உரிய அதிகாரியின் ஆணை பெற்றுப் பதியும் வழி உண்டு. 2023ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளன்றும் அதற்குப்பின்னும் பிறந்தோர்க்குப் பள்ளிச் சேர்க்கை முதலியவற்றில் பிறப்புச் சான்றிதழே சான்று என்று சட்டம் திருத்தப்பட்டிருப்பதால், கைக்குழந்தையோடு விழாவுக்கு வரும் தாய்மாரிடம் இதைக் கட்டாயம் சொல்லவேண்டும்.

மாலை இருட்டியதும் பிள்ளைகளை முற்றத்துக்கு அழைத்துச் சென்று மேலே பார்க்கச் சொல்லட்டும். இருண்ட வானத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட காவலூர், அதே மலையில்தான் இருக்கிறது, 2.34 மீட்டர் தொலைநோக்கியோடு 1986ஆம் ஆண்டு வைணு பாப்பு வானாய்வகம் எனப் பெயர்பெற்றது. பிப்ரவரித் தொடக்கத்தில் மாலை ஏழு மணியளவில் கார்த்திகை மீன்கள் ஏறக்குறைய உச்சியில் நிற்கும். ஜப்பானியர் அக்கூட்டத்தைச் 'சுபாரு' என்பர்; ஒன்றுகூடி நிற்பது என்று பொருள். ஹவாய்த் தீவின் மலையுச்சியில் அவர்கள் நிறுவிய 8.2 மீட்டர் தொலைநோக்கிக்கும் அப்பெயரையே வைத்திருக்கிறார்கள். விளக்குத் தோரணத்துக்கு இனித் தேவை இருக்குமா என்ன?

இதன் சுருக்கத்தை அத்தாய்க்கு முன்னரே தபாலில் எழுதியிருந்தோம். மறுமொழி வந்துவிட்டது. பங்குத்தந்தை இசைந்துவிட்டார். மகன், "எல்லாருக்குமா?" என்று ஒருமுறை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, காகிதத் தலைக்கவசம் முதலில் தனக்குத்தான் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டானாம். ஏழு வயதுச் சிறுமியின் பாட்டியை அழைக்க அடுத்த ஞாயிறு அவ்வூருக்கு நடக்கப்போவதாக எழுதியிருக்கிறார். காராமணி எத்தனை படி வாங்கவேண்டும் என்று கேட்டிருக்கிறார். இரண்டு படி வாங்கட்டும்; சிவப்பாகப் பார்த்து வாங்கட்டும்.